அடியைத் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு

கலைப்பொருள் சேகரிக்கும் நண்பர் ஒருவருடன் அண்மையில் ராயபுரம் பக்கத்துக் காயலான் கடைகளைச் சுற்றிவர நேர்ந்தது. கையில் எடுத்த ஒவ்வொரு ஜாடியையும் கிண்ணத்தையும் நண்பர் முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தார். அடியில் முத்திரையோ எழுத்தோ இருந்தால் விலை கேட்டார். இல்லையென்றால், "யாரும் செய்யாதது" என்று சொல்லிக் கீழே வைத்துவிட்டார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆயினும் அந்தச் சொற்கள் எங்களை இன்னும் உறுத்துகின்றன.

கையால் வனைந்த கலங்களை முத்திரை கொண்டு அடையாளம் காண்பது வீண்வேலை என்று நாங்கள் சொல்லவரவில்லை. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியபின், அங்கே பயின்று தனிச்சூளை வைத்துக்கொண்டவர்கள் பலர். அவர்களுடைய கலங்களை இனம் பிரித்தறிய அடியிலுள்ள குறிகள் உதவவே செய்கின்றன. எங்கள் வழக்கெல்லாம், குறி இல்லாத இடத்தில் ஆளே இல்லை என்று முடிவுகட்டும் மனப்பான்மையோடுதான்.

முதலில், முத்திரை என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம். அதே கடைகளில் இடிந்த வீடுகளின் சீமை ஓடுகளும் விற்பனைக்கு அடுக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் பாசல் மிஷன் பெயரும் 1865 என்ற ஆண்டும் பொறித்திருக்கும். 1865இல் செய்த ஓடு என்று விற்பவர் சொல்வார், வாங்குபவரும் நம்புவார். அது மங்களூரில் அந்தத் தொழிற்சாலை தொடங்கப்பட்ட ஆண்டு. பல ஆண்டுகள் கழித்து அச்சில் அழுத்திய ஓட்டிலும் அதே எண்தான் விழுந்தது. அந்த ஓட்டுக்கு மண் மிதித்தவர் யார், அச்சை இழுத்தவர் யார் என்பதற்கு அதில் ஓர் எழுத்துகூட இல்லை. முத்திரை முதலாளியைச் சொல்லும், கையைச் சொல்லாது.

இது நம் நாட்டு வழக்கம் மட்டுமன்று. அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது கிடைத்த இத்தாலிய அரெட்டைன் கலத்துண்டுகளில் பட்டறை முத்திரைகள் இருந்தன. அவற்றைக் கொண்டே அவர் அவ்விடத்தின் காலத்தைக் கணித்தார். அவ்வகைக் கலங்களை வனைந்தவர்களில் பலர் அடிமைகள். சில முத்திரைகளில் அடிமையின் பெயரும் எசமானின் பெயரும் சேர்ந்தே வரும். வேறு சிலவற்றில் எசமான் மட்டும் எஞ்சுவார். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் 1920இல் பெர்னார்ட் லீச் தொடங்கிய பட்டறையிலும், அன்றாடப் புழக்கத்துக்கென வனைந்த கலங்களில் பெரும்பாலும் பட்டறையின் முத்திரையே விழுந்தது. சக்கரத்தின் முன் அமர்ந்தவரின் பெயர் விழவில்லை. ஸ்டூடியோ மட்பாண்டக் கலையின் தலைமைப்பீடம் என்று போற்றப்படும் இடத்தின் நிலையே இதுவென்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்வானேன்?

இனி, எதிர்க்கட்சி ஒன்று உண்டு. பெயரின்மையே கைவினையின் பெருமை, கையொப்பமிடுவது அகங்காரம் என்று அது சொல்லும். ஜப்பானில் யானகி சோயெட்சு இக்கருத்தைத் தத்துவமாகவே வளர்த்தார். லீச்சுடன் செயின்ட் ஐவ்ஸுக்குச் சென்ற ஹமாதா ஷோஜி, நாடு திரும்பி மாஷிகோவில் குடியேறியபின் தம் கலங்களில் குறியிடுவதை விட்டுவிட்டார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹமாதாவின் கலத்தை வைத்த மரப்பெட்டியில் அவர் கையெழுத்து இருந்தது. உலகமே அறிந்த பெயர் உடையவருக்குப் பெயரைத் துறப்பது எளிது. சாலையோரச் சாக்கின் மேல் அகல் விளக்குகளைக் குவித்து விற்பவர் எதைத் துறப்பார்? அவரிடம் யாரும் பெயர் கேட்டதே இல்லையே. அவருடைய பெயரின்மையைப் புகழ்கிறவர்கள், அந்தப் புகழ்ச்சியின் நிழலில் விலையைக் குறைத்துக் கேட்பதையும் நாங்கள் கண்டிருக்கிறோம்.

இலக்கியம் படிப்பவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. கரிகாலனின் வெண்ணிப் போரைப் பாடிய புறநானூற்றுப் புலவரை நாம் வெண்ணிக் குயத்தியார் என்று அறிவோம். ஊரும் தொழிலும் சேர்ந்த அந்த அடையாளமே நமக்குக் கிடைத்திருக்கிறது. பெற்றோர் இட்ட பெயர் கிடைக்கவில்லை. ஆயினும், பெயர் தெரியவில்லை என்பதற்காகத் தொகுத்தவர்கள் அப்பாட்டைத் தள்ளிவிடவில்லை. பெயர் தெரியாத மற்றொரு புலவருக்கு, அவர் பாட்டிலிருந்த செம்மண் உவமையையே பெயராக்கிச் செம்புலப் பெயல்நீரார் என்றனர். படைப்பினுள் கையைத் தேடிக் கண்டு அதையே பெயராக்கிய மரபு நம்முடையது. ஏட்டுக்குக் காட்டிய அக்கறையை மண்ணுக்கு ஏன் காட்டவில்லை?

கீழடியில் கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்களைப் படித்து நாம் பெருமிதம் கொண்டோம், கொள்ள வேண்டியதுதான். கையெழுத்துகள் ஓட்டுக்கு ஓடு வேறுபடுவதால், அவை பெரிதும் கலத்துக்கு உரியவர்கள் கீறிய பெயர்கள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். 2025 சனவரியில் சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழக அரசு அறிவித்தது. தமிழகப் பானைக் கீறல்களைச் சிந்துவெளிக் குறிகளோடு ஒப்பிட்ட ஆய்வும் அப்போது வெளியாயிற்று. கீறலைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், கீறுவதற்கு ஒரு பானையை ஆக்கித் தந்தவரைப் பற்றி எவ்வளவு பேசினோம்?

கையைப் படிக்க முடியும் என்பதே எங்கள் துணிபு. சுழலும் சக்கரத்திலிருந்து நூலால் அறுத்தெடுத்த கலத்தின் அடியில் சுழிக்கோடு விழும். நின்ற சக்கரத்தில் அறுத்தால் கோடு ஏறக்குறைய நேராகப் போகும். உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டி விரித்த பானையின் சுவரில் தட்டுகளின் தடம் இருக்கும். விளிம்பை மடித்த விதம், விரல் அழுந்திய ஆழம், சூளையில் தீ பட்ட பக்கத்தின் கருமை என்று ஒவ்வொன்றும் ஒரு பழக்கத்தின் பதிவு. அடிக்குறியைப் போலி செய்வது எளிது. நாற்பதாண்டுப் பழக்கத்தைப் போலி செய்வது அரிது. கவிழ்த்துப் பார்க்கும் நண்பர்களே, கவிழ்த்ததுதான் கவிழ்த்தீர்கள், முத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள். முழுக் கலத்தையும் படியுங்கள்.

அதற்கும் மேலாக ஒன்று கேட்கிறோம். இன்று செய்கிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். வாங்கும்போது பெயரைக் கேளுங்கள். ஊரையும் சூளையையும் கேளுங்கள். அவர் விரும்பினால், வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் தேதியோடு எழுதிக் கலத்துக்குள் போட்டு வையுங்கள். கண்காட்சி நடத்துவோர் 'கிராமியக் கைவினை' என்ற ஒற்றைச் சீட்டோடு கடமை முடிந்ததாக எண்ணாமல், செய்தவர் பெயரை அதில் எழுதட்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. வெட்கம் இருந்தால் போதும்.

ராயபுரத்திலிருந்து வடக்கே சிறிது தொலைவில் திருவொற்றியூர். அக்கோயிலில் விளக்கெரித்த கலிய நாயனாரின் கதையைப் பெரியபுராணம் சொல்கிறது. செல்வம் கரைந்து எண்ணெய்க்கு வழியில்லாதபோது, தம் குருதியையே அகலில் நிறைக்கத் துணிந்தவர் அவர். ஊற்றியவர் பெயர் தெரியும். தாங்கிய அகலைச் செய்தவர் பெயர் தெரியாது. சேக்கிழாரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் வருகிற கார்த்திகைக்கு அகல் வாங்கப் போகும் நாம், விலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால், குறை முழுவதும் நம்முடையதே.