பானையில் ஒரு கொழுந்து

கியா பார்ம் லயத்து வீட்டில் பொங்கல் பானைக்குப் பாட்டிதான் சுண்ணாம்பால் கோடு போடுவார். திருநீற்றுப் பட்டை, குங்குமப் பொட்டு, மஞ்சள் கொத்து எல்லார் வீட்டிலும் உண்டு. எங்கள் பானையில் மட்டும் கூடுதலாக ஒன்று இருக்கும்: இரண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு. ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த கை வேறெதை வரையும்?

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நானோ மீடியா படித்துவிட்டு வானொலியில் பேசுகிறேன். ஆனாலும் அந்தப் பானையை ஒருமுறைகூடப் படம் எடுத்து வைக்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு முந்தின வாரம், நிகழ்ச்சிக்காக ஆதிச்சநல்லூர் பற்றிக் குறிப்பெடுத்தபோதுதான் அது உறைத்தது. தாமிரபரணிக் கரையில், இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடு அது. 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் அங்கே தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ. 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி அகழ்ந்தபோது ஒரு பானை ஓடு கிடைத்தது. களிமண்ணை ஒட்டிச் செய்த உருவங்கள் அதில் இருந்தன. ஒல்லியாக, உயரமாக ஒரு பெண். பக்கத்தில் நெற்கதிர், அதன்மேல் ஒரு கொக்கு. ஒரு மான், ஒரு முதலை.

ராஜாவும் இல்லை, தேரும் இல்லை. ஆற்றோரத்துச் சனங்கள் கண்ணால் கண்டவைதான்.

உலகின் மறுகோடியில், பெரு நாட்டில், கொலம்பஸுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மோச்சே மக்கள் வாழ்ந்தார்கள். நாம் படிக்கும்படி எழுத்து எதையும் அவர்கள் விட்டுச் செல்லவில்லை. வெளிர்நிறப் பானைகளில் செம்பழுப்புக் கோடுகளால் மான் வேட்டையையும் சடங்குகளையும் வரைந்தார்கள். மனித முகங்களையே ஜாடியாக வனைந்தார்கள். அவர்களைப் பற்றி இன்று நாம் அறிந்ததில் பெரும்பகுதி அந்தப் பானைகள் சொன்னது.

பொங்கலன்று அத்தை வீட்டில் எவர்சில்வர் பானை. மண்பானை ஒன்று வாங்கிப் போயிருந்தேன். சுண்ணாம்பைக் குழைத்து வரைய உட்கார்ந்தால் இலை எந்தப் பக்கம் சாயும் என்பதே நினைவில்லை.

அத்தை சிரித்தார். "முதல்ல மொட்டைப் போடு. பறிக்கிற விரல் அதைத்தானே தேடும்? அம்மா அப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

என் கையைப் பிடித்து அவரே வரைந்தார். இந்த முறை படம் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டுப் பானையில் என்ன இருந்தது? வரைந்தவர் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.