மைனரும் சோமசெற்றும்

இரு நூல்களை ஒப்புநோக்கி ஏற்றத்தாழ்வு கூறுவது எம்போன்ற பண்டிதர்க்குப் பழகிய தொழில். அத்தகையோருள் ஒருவன் இரு மோட்டார் வண்டிகளை ஒப்புநோக்கப் புகுந்தமை கண்டு வாசகர் நகைத்தல் கூடும். ஆயினும், எங்கள் பிராசீன பாடசாலையின் ஆசிரியர் அறையில் பல்லாண்டாக முடிவுறாத வழக்கொன்று உண்டு. சிறந்தது மொறிஸ் மைனரா, ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றா என்பதே அது. அவ்வழக்கில் என் துணிபை ஈண்டு உரைக்கின்றேன்.

முதலில் அளவைகளைக் காண்போம். 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட சோமசெற்றின் எஞ்சின் 1200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 42 பரிவலுவும் உடையது. 1956இல் வெளிவந்த மைனர் 1000இன் எஞ்சினோ 948 கன சென்ரிமீற்றரும் 37 பரிவலுவுமே உடையது. ஏட்டளவில் வலியது சோமசெற். தெருவில் இறங்கினாலோ, இரண்டும் மணிக்கு 70 மைல் அளவிலேயே தம் எல்லையைத் தொடுகின்றன. காரணம் நிறை. சோமசெற் தனிச் சட்டத்தின்மேல் உடலை ஏற்றிய வண்டி; மைனரிலோ உடலே சட்டம். அதனால் மைனர் ஏறத்தாழ 400 இறாத்தல் இலேசானது.

மைனரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். அதன் முன்மாதிரியை நெடுக வெட்டி 4 அங்குலம் அகட்டிய பின்னரே அவர் மனநிறைவு கொண்டார். அதன் சுக்கான் ஓட்டுபவன் கைக்கு உடனே பணியும். 1948இல் தோன்றிய அவ்வடிவம் 1971 வரை நிலைத்தது. எனவே, மைனரே மேலென்று இளமையில் நானும் வாதிட்டேன்.

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் தடைப்பொருளாயிற்று. எம்மவர் சிறிது பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். மண்ணெண்ணெய் மிகுதியாக நெருக்கப்பட்டால் உரிய வேளைக்கு முன்னரே வெடித்து எஞ்சினை இடிக்கச் செய்யும். மைனர் 1000 தன் எரிகலவையை 8.3 மடங்கு நெருக்குவது, சோமசெற் 7.2 மடங்கே நெருக்குவது. பெற்றோல் உள்ள காலத்தில் குறையெனப்பட்ட அதுவே அன்று குணமாயிற்று.

1992ஆம் ஆண்டு மாரியில் ஓரிரவு என் தமக்கையாருக்குப் பேற்றுநோவு கண்டது. அயலவரின் மைனர் படலை தாண்டுமுன் இடித்து நின்றுவிட்டது. பின்னர் வாடகைச் சோமசெற் ஒன்று வெண்புகை கக்கியபடி வந்தது. முன்னிருக்கை ஒரே வாங்காகவும் கியர்த்தண்டு சுக்கானை ஒட்டியும் இருந்தமையால், முன்னே மூவரும் பின்னே தமக்கையாரும் தாயாரும் மருத்துவிச்சியுமாக ஏறினோம். ஆமை வேகந்தான், ஆயினும் இடையில் நிற்கவில்லை. விடியுமுன் மருமகன் பிறந்தான்.

ஆதலால் என் கருத்து இது: வகுப்பால் மைனர் மேலானது, அதனை இன்றும் மறுக்கேன். ஆனால் ஒப்பிடுவோர் வினவவேண்டியது எது வல்லது என்பதன்று, எப்பொழுது எதற்கு வல்லது என்பதே. அளவைகள் வண்டியைச் சொல்லும். அது சுமக்கும் காலத்தைச் சொல்லா.

அம்மருமகன் இப்பொழுது பொறியியலாளன். மைனரே சிறந்ததென்று என்னோடு வாதிடுகின்றான். அவன் வாதிடட்டும்; வாதிட அவன் இருக்கின்றான் என்பதே சோமசெற்றின் பக்கத்துச் சான்று.