ஒப்புக்கொண்டவனுக்கு அப்பீல் இல்லையா?

மில் வாசலில் மறியல் செய்ததற்கோ, கூலி உயர்வு கேட்டுப் பண்ணை வாசலில் கூடியதற்கோ வழக்கு வருகிறது. கோர்ட்டில் பெயரைக் கூப்பிடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரர் காதோடு சொல்கிறார்: "ஒத்துக்கப்பா, பைன் கட்டிட்டுப் போயிடலாம். இல்லேன்னா வாய்தா வாய்தாவா அலையணும்."

ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் செலவு தனி. தொழிலாளி தலையாட்டி விடுகிறார். முதலாளி எவராவது தம் வழக்கில் இப்படித் தலையாட்டியதைக் கண்டவர் உண்டா?

பைன் என்று நம்பியவருக்கு ஜெயில் கிடைத்தால், அப்பீலில் பாதிக் கதவு சாத்தியிருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் அதன் சட்டப் பொருத்தத்தையும் மட்டுமே எதிர்க்கலாம். "நான் குற்றவாளி அல்ல" என்று வாதாட முடியாது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 375-வது பிரிவு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில் 416. நம்பரை மாற்றினார்கள், பூட்டு மாறவில்லை!

ஆனால் குற்றச்சாட்டை விளக்கிச் சொல்லி, ஒப்புக்கொள்பவரின் பதிலைக் கூடியவரை அவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். சென்னை மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் ஒப்புக்கொண்டதாகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் வழக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் இருக்கிறது. அப்படி எழுதுவது வெறும் சடங்கல்ல, அப்பீல் உரிமையே அதைப் பொறுத்தது என்று கூறி, சுப்ரீம் கோர்ட் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. 1983-ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு கர்நாடக வழக்கு: லேசான தண்டனைதான் என்று நம்பி ஒருவர் ஒப்புக்கொண்டார், மேல்கோர்ட்டில் தண்டனை கூடியது. இது அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்துக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்து, வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பியது.

சுப்ரீம் கோர்ட் வரை போக எத்தனை கூலிக்காரரால் முடியும்? ஆகவே நாம் கேட்பது இதுதான்: வக்கீல் இல்லாமல் நிற்பவர் வாயிலிருந்து ஒப்புதல் வாங்காதே! முதலில் வக்கீலைக் கொடு! ஆலைத் தொழிலாளர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்போர் அனைவருக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இலவச வக்கீல் உரிமை தந்திருக்கிறது.

ஏற்கெனவே தலையாட்டிவிட்ட தோழர்கள் தீர்ப்பு நகலையும், தாம் சொன்னதாக எழுதிய தாளின் நகலையும் உடனே வாங்க வேண்டும். மாஜிஸ்திரேட் தீர்ப்பின் மேல் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக 30 நாள்தான் கெடு. ஜெயிலில் இருப்பவர் அப்பீல் மனுவை ஜெயில் அதிகாரியிடமே கொடுக்கலாம்.