கம்பெனியா வரைஞ்சது?

புது ஓவியங்களோடு பழைய நீர்வண்ண ஓவியங்களையும் விற்கிற சின்ன கேலரிகள் லண்டனில் உண்டு. புதுசுக்குக் கீழே ஓவியர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பழைய இந்தியப் பறவைப் படத்துக்குக் கீழே? 'கம்பெனி பாணி'. அவ்வளவுதான்! கிழக்கிந்தியக் கம்பெனியா தூரிகை பிடித்தது?

கல்கத்தா தலைமை நீதிபதியின் மனைவி மேரி இம்பேவுக்காக 1777 முதல் 1782 வரை 300க்கும் மேல் படங்கள் வரைந்தவர்கள் ஷேக் ஜைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ். படத்திலேயே பெயர் இருக்கிறது. இருந்தும் சந்தையில் அது 'இம்பே ஆல்பம்'! 2019ல் லண்டன் வாலஸ் கலெக்‌ஷன் இவர்களை முன்னிறுத்திக் கண்காட்சியே நடத்தியது.

"எல்லாப் படத்துக்கும் பெயர் கிடைக்காதே" என்பீர்கள். சரி, ஒத்துக்கறேன். 'வாங்கியவர் ஓவியரின் பெயரைக் குறித்து வைக்கவில்லை' என்று எழுதுங்களேன். தப்பு யாருடையது என்றாவது தெரியட்டும். என்ன மக்களே, நான் கேட்பது அதிகமா?