பக்கம் தெளிவாக இல்லை, ஆகவே விடுதலை

'அவன் மேல குண்டாஸ் போட்டாச்சு' என்று கேள்விப்பட்டதும், குற்றம் நிரூபணமாகி ஓராண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டுவிட்டதாகவே நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அங்கே சாட்சி விசாரணை நடக்கவில்லை, தீர்ப்பும் வரவில்லை. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1982-இல் வந்த தமிழ்நாடு 14-ஆவது சட்டம், அதாவது குண்டாஸ், தடுப்புக் காவலுக்கானது. ஒருவர் இனிமேலும் பொது ஒழுங்கைக் குலைப்பார் என்று மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கருதி ஆணையிட்டு, அரசும் அதற்கு ஒப்புதல் தந்து, ஆணையைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகமும் போதிய காரணம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், 12 மாதங்கள் வரை அவரை உள்ளே வைக்கலாம். கள்ளச்சாராயம் விற்பவர், போதைப்பொருள் குற்றவாளி, ரவுடி என்று தொடங்கிய பட்டியலில் 2004-இல் திருட்டு சி.டி. விற்பவர் சேர்ந்தார், 2014-இல் இணையக் குற்றவாளியும் பாலியல் குற்றவாளியும் சேர்ந்தார்கள். ஆட்சிகள் மாறினாலும் இந்தச் சட்டத்தின் மீதான பிரியம் மட்டும் மாறவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களில், தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு தொடர்ந்து முன்வரிசையில் நிற்கிறது.

இந்தச் சட்டம் நிரபராதியை வதைக்கிறது, குற்றவாளியைத் தப்பவிடுகிறது என்பதே என் வாதம். காரணம், இதில் கிடைக்கும் எதிர்வாதத்தின் தன்மை. சாதாரணக் குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் 'நான் அந்த இடத்திலேயே இல்லை' என்று சொல்லலாம். தற்காப்புக்காகத் தாக்கினேன் எனலாம். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். எதுவும் பேசாமல் அரசுத் தரப்பே நிரூபிக்கட்டும் என்று இருக்கலாம். குண்டாஸில் இவை எதற்கும் இடமில்லை. அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமையும் கிடையாது. மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அங்கே அலசப்படுவது கைதியின் செயலைவிட, அவரிடம் கொடுக்கப்பட்ட ஆவணக் கட்டுதான். வழக்கறிஞர்கள் அதை 'புக்லெட்' என்பார்கள். அதில் ஒரு பக்கம் நகலெடுத்ததில் கறுத்துப்போய்ப் படிக்க முடியாமல் இருக்கும். ரிமாண்ட் உத்தரவு ஆங்கிலத்திலேயே இருக்கும், தமிழாக்கம் இருக்காது. கைதி அனுப்பிய முறையீட்டுக் கோப்பு ஏதோ ஒரு மேசையில் தேங்கியிருக்கும். அரசு விடுமுறைகளைக் கழித்து எத்தனை நாள் தாமதம் என்று எண்ணுவார்கள். விளக்கம் இல்லையென்றால் ஆணை ரத்து.

நீதிமன்றங்களைக் குறை சொல்வதற்கில்லை. விசாரணையின்றி ஒருவரைச் சிறையில் வைக்கும்போது, அரசமைப்பின் 22-ஆவது பிரிவு தரும் பாதுகாப்புகளை எழுத்துப் பிசகாமல் பார்த்தாக வேண்டும். காலாவதியான மருந்துகளின் லேபிளை மாற்றி விற்றதாகச் சொல்லப்பட்ட தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், 2011-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: வழக்கமான சட்டத்தால் சமாளிக்க முடிந்த விஷயத்துக்குத் தடுப்புக் காவல் கூடாது. 'இதுபோன்ற வழக்குகளில் பெயில் கிடைக்கிறது' என்று விவரமில்லாமல் எழுதி ஆணை போடுவதும் செல்லாது. ரேகா வழக்கு என்று அறியப்படும் இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் அதே வார்ப்பில் ஆணைகள் வருகின்றன, அதே காரணங்களுக்காக ரத்தாகின்றன. மெரினாவில் ஈழத் தமிழர்களுக்காக நினைவேந்தல் நடத்த முயன்ற திருமுருகன் காந்தி மீது 2017 மே மாதம் போடப்பட்ட குண்டாஸை உயர் நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது. அதே ஆண்டு, சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த மாணவிக்கும் இதுவே நேர்ந்தது. ஆணை ரத்தாகலாம், சிறையில் கழிந்த மாதங்களை யார் ரத்து செய்வது?

'பெயிலில் வந்த ரவுடி சாட்சியை மிரட்டுகிறான், பழிக்குப் பழி கொலை செய்கிறான். அப்போது என்ன செய்வது?' என்று காவல்துறை கேட்கிறது. நியாயமான கேள்விதான். சாட்சிகள் அஞ்சி ஒதுங்கும் ஊர்களில் வாழ்பவர்களுக்கு இது வெறும் வாதமும் அல்ல. ஆனால் அதற்கான கருவிகள் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கின்றன. நிபந்தனையை மீறியவரின் பெயிலை ரத்து செய்யக் கோரலாம். நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கலாம். மீறினால் உள்ளே அனுப்பலாம். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை 2018-இலேயே உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று அறிவித்துவிட்டது. இவற்றுக்கெல்லாம் நீதிமன்றத்தில் ஆதாரம் காட்ட வேண்டும், அரசு வழக்கறிஞர் உழைக்க வேண்டும். குண்டாஸுக்கு அந்தச் சிரமம் குறைவு. அதன் கவர்ச்சியும் அதுதான்.

கொடிய குற்றவாளிக்கு இந்தக் கடுமை வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது. சாவுக்குக் காரணமான சாராயத்தைக் காய்ச்சி விற்றவருக்கு இப்போது ஆயுள் சிறையும், 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க முடியும். குண்டாஸ் தருவதோ அதிகபட்சம் ஓராண்டு, அதுவும் பாதியிலேயே உடையக்கூடியது. ஆயுள் தண்டனை வேண்டுமென்றால் குற்றப்பத்திரிகை ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும், ரசாயனப் பரிசோதனை அறிக்கை காலத்தில் வர வேண்டும், சாட்சிகள் கடைசிவரை நிற்க வேண்டும். 'குண்டாஸில் அடைத்தோம்' என்ற செய்தி வந்ததும் மூல வழக்கின் மீதான பொதுக் கவனம் வடிந்துவிடுகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் இருக்க முடியாது.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. எத்தனை பேரை அடைத்தோம், எத்தனை ஆணைகள் ரத்தாயின, எத்தனை மூல வழக்குகளில் தண்டனை கிடைத்தது என்று ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வைக்கட்டும். அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞரை அனுமதிக்கட்டும். அதுவரை, வீட்டில் ஒருவர் மீது இந்த ஆணை பாய்ந்தால் குடும்பத்தார் முதல் வாரத்திலேயே ஆட்சியர் அல்லது ஆணையருக்கும், அரசுக்கும், அறிவுரைக் கழகத்துக்கும் தேதியிட்டு முறையீடு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு, அவர் வருமானம் எதுவானாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.