பிரம்பு தீர்க்காது; பெற்றோருக்கு ஓய்வு நேரம் வேண்டும்!

“அடங்காப்பிடாரி”, “உதவாக்கரை”, “வாலில்லாக் குரங்கு” – தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் சிலருக்குப் பள்ளிக்கூடமும் தெருவும் சூட்டும் பட்டங்கள் இவை. ஓரிடத்தில் உட்கார மாட்டான், சொன்னதை மறுகணமே மறப்பான், யோசிக்காமல் பாய்வான். வாத்தியார் பிரம்பை எடுக்கிறார். ஷிப்டு முடிந்து அலுத்து வரும் தகப்பனும் கையை ஓங்குகிறார். பிள்ளை மாறினானா? இல்லை.

ஏன் மாறவில்லை? இது திமிர் அல்ல. மூளை வளர்ச்சியில் உண்டாகும் ஒரு குறைபாடு. ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பெரும்பாலும் பரம்பரையாக வருவது. ‘தாய் வளர்த்த லட்சணம்’ என்று பழி சுமத்துவது அநியாயம். துறுதுறுப்பான பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் குறை இருப்பதாக அர்த்தமல்ல. வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையும் பழக்கத்தையும் கெடுத்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வைத்தியம் என்ன? சிலருக்கு மாத்திரை தேவைப்படும். அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு முதல் வைத்தியம் பெற்றோருக்குத் தரும் பயிற்சியே என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2019-ல் வகுத்த நெறி கூறுகிறது. பெரிய பிள்ளைகளுக்கும் குடும்பத்தின் ஒத்துழைப்பு அவசியம். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்வது, செய்தவுடன் பாராட்டுவது, சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாம் நேரப்படி, அப்பா ஒன்று, பாட்டி ஒன்று என்றில்லாமல் வீட்டில் ஒரே பேச்சு.

இதற்குக் காசு செலவில்லை, நேரம் செலவாகும். அந்த நேரம் யாரிடம் இருக்கிறது? வாரம் ஒரு ஷிப்டு மாறும் தகப்பனிடமா? விடியுமுன் நடவுக்குப் போகும் தாயிடமா? 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது. தொழிலாளிகளின் எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. அன்று காத்தது நம் உடம்பை மட்டுமல்ல. பிள்ளையோடு உட்காரும் மாலைப் பொழுதையும்தான்.

சர்க்காருக்குப் பொறுப்பில்லையா? பிள்ளைகளைப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் பரிசோதிக்க 2013-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தின் பட்டியலில் இந்தக் குறைபாடும் உண்டு. ஆனால் 2016-ம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் அடுக்கிய 21 வகையில் இதற்குத் தனி இடம் இல்லை! பள்ளியில் அடிப்பதை 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. இதை வாத்தியாரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

தோழர்களே! தாலுகா ஆஸ்பத்திரிதோறும் குடும்ப ஆலோசனை, அதுவும் மாலை நேரத்தில் வேண்டும். பிள்ளையை அழைத்துப் போகும் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும். சங்கக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளை எழுப்புங்கள். வீட்டில் இன்றே பிரம்பைக் கீழே போடுங்கள்!