அழைப்புக் கடிதத்தில் வேண்டாத வரி

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பாவுக்கு நான் எழுதிய கடிதத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘தங்கள் மகனின் நடை, பேச்சு காரணமாகச் சக மாணவர்கள் அவனை ஒன்பது என்று கேலி செய்து, கழிப்பறையில் பூட்டி வைத்துள்ளனர். நேரில் வரவும்.’ பூட்டிய மூவருக்கும் தண்டனை கிடைத்தது. பையன் மறுநாள் மொட்டைத் தலையோடு வந்தான். ஆண்டு விழா நடனத்திலிருந்து அவன் பெயரை அப்பா எடுத்துவிட்டார். அதன் பிறகு என் அறைப் பக்கமே அவன் எட்டிப் பார்க்கவில்லை.

‘கழிப்பறையில் பூட்டினார்கள், நடவடிக்கை எடுக்கிறோம், வாருங்கள்’ என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைக்கு என்ன நடந்தது, அடிபட்டதா, பள்ளி என்ன செய்யப்போகிறது என்பதெல்லாம் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை. அவன் யார் என்பதை எப்போது, யாரிடம் சொல்வது என்பது அவன் விஷயம். அவனுக்கே அது இன்னும் தெளிவாகாமல் இருக்கலாம். பாலின ஈர்ப்பு ஒருவரின் அந்தரங்கத்தைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கிலேயே சொல்லிவிட்டது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 ஜூன் 7 உத்தரவை நம்மில் பலர் படித்திருப்போம். தங்கள் காதலுக்கு வீட்டார் காட்டிய எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம்பெண்களின் வழக்கு அது. தனக்கே இதில் தெளிவு வேண்டும் என்று உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து கேட்டுக்கொண்டார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் பால்புதுமையினர் பற்றிப் பெற்றோருக்குப் புரிய வையுங்கள் என்கிறது உத்தரவு. கூட்டத்தில் எல்லாப் பெற்றோரிடமும் பொதுவாகப் பேச வேண்டியதை நாம் அங்கே பேசுவதில்லை. ஒரு பிள்ளையின் கதையை அவன் அப்பாவிடம் தனியாகச் சொல்லிவிட்டுக் கடமை முடிந்தது என்கிறோம்.

தொலைபேசியை எடுக்கும் முன் பிள்ளையிடம் கேளுங்கள்: வீட்டில் யாரைக் கூப்பிடலாம், அவர்களுக்கு என்ன தெரியும், எதைச் சொல்ல வேண்டாம்? சித்தியின் எண்ணைக் கொடுத்தால், முதலில் சித்தியிடம் பேசலாமா என்று பாருங்கள். ‘ஏன் டீச்சர், எங்க பையனை மட்டும் அப்படிக் கூப்பிடுறாங்க?’ என்று அம்மா கேட்பார். நான் இப்போது சொல்வது: ‘அது யார் மேல வேணும்னாலும் வீசுற வசவும்மா. அதை நிறுத்துறது எங்க வேலை.’ இதில் பொய் எதுவும் இல்லை. கேலி செய்தவனின் பெற்றோரிடம் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். நாம் சொன்னது அன்று மாலையே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும்.

பாலியல் வன்முறை என்றால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து தெரிந்தால், வீடே அந்த ஆபத்தாக இல்லாதவரை, பெற்றோரிடம் மறைக்க முடியாது. அப்போதும் ஆபத்தைச் சொன்னால் போதும், அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

யுனெஸ்கோவும் சென்னை சகோதரன் அமைப்பும் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. துன்புறுத்தலுக்கு ஆளானவர்களில் பள்ளியிடம் முறையிட்டவர்கள் 18 விழுக்காடுதான். என் கடிதத்தைப் போன்றவை அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பிறகு, பள்ளியின் சம்பவப் பதிவேடு. தலைமையாசிரியர் மேசையில் திறந்தே கிடக்கிறது. அலுவலக உதவியாளரும் புரட்டுவார், மேலாண்மைக் குழு உறுப்பினரும் புரட்டுவார். ஆலோசனைக் குறிப்புகளை அதில் எழுத வேண்டாம். உங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.